உப்பேறிய மாதத்தில் சித்தியின் செடிகள்

சித்தி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, பாலக்காட்டிலிருந்து வந்த லாரியில் ஒரு கட்டில், ஒரு பீரோ ஆகியவற்றுடன் பதினொரு செடிகளும் வந்து இறங்கின. கட்டிலையும் பீரோவையும் யாரும் பொருட்படுத்தவில்லை. செடிகள் ஒவ்வொன்றாக உள்ளே போகும்வரை பெரியப்பா மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சில பால்பவுடர் டின்களில் இருந்தன. ஒன்று வாய் உடைந்த ஊறுகாய்ப் பரணியில் இருந்தது. மற்றொன்றுக்குப் பாதியாக வெட்டிய எண்ணெய்த் தகரம். குரோட்டன்ஸ், பெரணி, இலையெல்லாம் சிவப்புப் புள்ளி தெளித்த ஒரு சேம்பு, ஜன்னல் கம்பியில் படர்வதற்குத் தயாராக ஒரு மணி பிளாண்ட். பூஜைக்குப் பூவும் சமையலுக்கு இலையும் தராத செடிகளை ஒருத்தி வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்ப்பதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைச் சந்தேகிப்பது அவருடைய தொழில்.

தொழில் என்பதை நான் அலங்காரமாகச் சொல்லவில்லை. கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் அவர் சரக்குப் பார்ப்பவராக இருந்தார். குத்தூசியைச் சாக்கின் அடிவயிற்றில் செருகி இழுத்து, உள்ளங்கையில் விழும் மணிகளில் பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. சாக்கின் மேல்பக்கத்தில் இருப்பது எப்போதும் நல்ல மிளகுதான் என்று அடிக்கடி சொல்வார். மனைவியை இளம் வயதிலேயே இழந்தவர். இரண்டு தம்பிகளின் குடும்பங்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக் காத்தவர். ஏலூரில் ஒரு தொழிற்சாலைக்கு விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பிறகு திரும்பும் என் அப்பாவும், அப்போதுதான் மணமாகியிருந்த சித்தப்பாவும் அவர் சொல்லுக்கு மறுசொல் சொன்னதில்லை. அவர் கெட்டவர் அல்லர் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரைக் கெட்டவராக்கினால் இந்தக் கதையில் என் பங்கு குறைந்துவிடும், அது நியாயமாகாது.

வந்த முதல் நாளே சித்தி ஒரு பிழை செய்தாள். பத்து வயதுக்கு உரிய ஆர்வத்துடன், இவையெல்லாம் எங்கே வாங்கியவை என்று நான் கேட்டேன். அவள் மணி பிளாண்டைக் காட்டிச் சிரித்தாள்.

“இது எங்க பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் ஆத்துலேந்து நுள்ளிண்டு வந்ததாக்கும். திருடி வச்சாத்தான் மணி பிளாண்ட் பிடிக்கும், கேட்டயா.”

இந்த நம்பிக்கை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய மணி பிளாண்ட் வாடிவிடும், கேட்டு வாங்கியது வேர் விடாது, பார்க்காதபோது ஒடித்துக்கொண்டு வந்தது மட்டுமே தழைக்கும். எங்கள் சந்தில் அந்தக் கொடி இருந்த வீடுகள் எல்லாம் ஒன்றிடம் ஒன்று திருடிய வீடுகளே; அதனால் யாருக்கும் யார்மேலும் வருத்தம் இருந்ததில்லை. ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. புதிய சாக்கில் முதல் குத்திலேயே பப்பாளி விதை வந்துவிட்டதைப் போல, தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மீன மாதம், அதாவது பங்குனி, பிறந்தது. வசந்தம் என்ற சொல்லைப் பள்ளிப் பாடத்தில் படித்திருந்தேன். அதில் குயில் இருந்தது, மாந்தளிர் இருந்தது. மட்டாஞ்சேரியில் அந்த மாதத்தில் எங்களுக்குத் தெரிந்த முதல் மாற்றம் கிணற்றில்தான் தெரியும். காயலில் ஆற்று நீர் குறைந்து கடல் உள்ளே ஏறும்; கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். அதற்கு ஓரு வெள்ளம் என்று பெயர்; எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். அதில் குளிக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம், தரை மெழுகலாம். குடிக்க முடியாது; குடித்தால் வயிறு கெடும். குடிப்பதற்குச் சந்தின் முனையில் இருந்த ஊர்க்குழாய்தான். அது ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் வரும். அம்மாவும் சித்தியும் வரிசையில் நின்று கொண்டுவரும் குடங்கள் சமையலறை மூலையில் இருந்த செம்பு அண்டாவில் போய்ச் சேரும்.

அந்த வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரே பெண்தான் நிற்பாள். சந்துகளையும் சாக்கடையையும் சுத்தம் செய்ய வரும் தமிழ்ப் பெண் அவள். பல தலைமுறைக்கு முன் அந்த வேலைக்காகவே தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் வந்தவள். நாங்களும் தமிழர்கள்தாம். ஆயினும் எங்கள் வீட்டார் அவளிடம் மலையாளத்தில்தான் பேசுவார்கள். அவளும் மலையாளத்திலேயே பதில் சொல்லுவாள். முதுகில் கட்டிய துணியில் ஒரு கைக்குழந்தை இருக்கும். மற்றவர்கள் எல்லோரும் பிடித்து முடித்த பிறகே அவள் குடம் குழாயடிக்குப் போகலாம் என்பது எழுதாத விதி. பெரும்பாலும் அதற்குள் குழாய் காற்றை ஊதத் தொடங்கியிருக்கும்.

செடிகள் வீட்டின் பின்பக்கத்து மாடி அறையில், சித்தியின் அறையில், பின்புறத்துச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னலருகே இருந்தன. வெயில் ஏறத் தொடங்கியதும் சித்தி அவற்றுக்கு ஒரு புதிய ஒழுங்கு செய்தாள். ஜன்னலை விட்டு ஒரு கஜம் உள்ளே தள்ளினாள். தள்ளித் தள்ளி இருந்த டின்களை ஒன்றோடொன்று உரச நெருக்கி வைத்தாள். பழுத்த இலைகளைக் கிள்ளினாள். கொண்டை ஊசியால் மண்ணைக் கிளறினாள். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து ஒவ்வொரு இலையையும் துடைத்தாள். பிறகு தேங்காயின் நார் மட்டையை, நாங்கள் தொண்டு என்பதை, சிறு துண்டுகளாக வெட்டி, மண் தெரியாதபடி ஒவ்வொரு டின்னிலும் பரப்பினாள். சித்தி செடிகளைக் கோடைக்குத் தயார் செய்கிறாள் என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று, மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அவள் அதை மூடுகிறாள் என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. அண்டாவில் தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் பெரியப்பா. ஒரு மூங்கில் கோலில் கரியால் கோடு போட்டு, காலையிலும் மாலையிலும் அண்டாவில் விட்டுப் பார்த்தார். சமையலுக்கு இவ்வளவு, காப்பிக்கு இவ்வளவு, மதியத்துக்குப் பிறகு ஆளுக்கு ஒரு சொம்பு குடிநீர் என்று அவரே ஒரு கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் இரண்டு நாளுக்கு அரைக் குடம் குறைந்தது. வீட்டில் இருந்த ஆறு பேரில் ஒருவர் திருடுகிறார். சந்தில் எல்லா வீட்டுத் துளசியும் தலை சாய்ந்துவிட்ட அந்த வாரத்தில் மாடியறையில் பதினொரு செடிகள் மட்டும் பச்சையாக நின்றன. கணக்கு எளிது.

பள்ளிக்கு விடுமுறை தொடங்கியிருந்ததால் கண்காணிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பெரியப்பா என்னைத் தனியாக அழைத்து, மதியம் எல்லோரும் படுத்திருக்கும் நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஏதாவது படிக்கச் சொன்னார். புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். அந்தப் படியிலிருந்து சமையலறை வாசலும் தெரியும், சித்தியின் அறைக்குப் போகும் நடையும் தெரியும். வீட்டில் என்னை யாரும் இதற்கு முன் ஒரு பொருட்டாக எண்ணி வேலை கொடுத்ததில்லை. நான் மிகுந்த நேர்மையுடன் அதைச் செய்தேன்.

மூன்றாம் நாளே பலன் கிடைத்தது. எல்லோரும் கண் அயர்ந்த பிறகு சித்தி சமையலறையிலிருந்து வெளியே வந்து, புத்தகத்தில் தலை குனிந்திருந்த என்னைத் தாண்டி மாடிக்குப் போனாள். முந்தானைக்குள் ஏதோ இருந்தது. நான் செருப்பில்லாக் காலுடன் பின்னால் போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். முந்தானைக்குள் இருந்தது ஒரு சொம்பு. அவள் தரையில் உட்கார்ந்து, தொண்டுத் துண்டுகளை விலக்கி, ஒரு கரண்டியால் ஒவ்வொரு செடிக்கும் வேரடியில் இரண்டு கரண்டி விட்டாள். சொம்பு பாதியானதும் நிறுத்தி, மீதியைத் தான் குடித்தாள். பிறகு வெகு நேரம் ஜன்னலருகில் நின்று கீழே பின் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன்.

நான் கண்டது முழு உண்மை. அந்தச் சொம்பு அவளுக்கு அளந்து கொடுத்த அவளுடைய சொம்பு என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி சொம்புதான். எல்லோரும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு போன நேரம்தான் அது. அவள் ஒளித்தாள், ஆகவே திருடினாள். தன் தாகத்தைப் பாதியாக்கிச் செடிக்கு விடுவதைக்கூட ஒரு வீட்டில் ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருக்கலாம் என்பது அந்த வயதில் எட்டுகிற எண்ணம் அல்ல.

இன்னொன்றும் கண்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதில் பொருளில்லை. அந்த நாட்களில் இரண்டு முறை, நான் படியிலிருந்து இறங்கிப் போனபோது, சமையலறைக்கு அப்பால் பின்வாசல் கல்லில் வட்டமாக ஈரம் இருந்தது. ஒரு குடத்தின் அடிவட்டம். அம்மா அங்கே நின்றிருந்தாள். என்ன ஈரம் என்று கேட்டதற்குப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் என்றாள். நாங்கள் பாத்திரம் தேய்ப்பது கிணற்று நீரில். கிணற்று நீர் காய்ந்தால் கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கும். முற்றம் முழுவதும் அந்த மாதத்தில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் இருக்கும். பின்வாசல் வட்டம் காய்ந்தபோது கல் சுத்தமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். குனிந்து விரலால்கூடத் தேய்த்துப் பார்த்ததாக நினைவு. ஆனால் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. அது சொல்ல வேண்டிய ஒன்றாகவே எனக்குத் தோன்றவில்லை. சந்தேகத்துக்கு ஒரு திசை இருக்கிறது. அது நேற்று வந்தவரை நோக்கித்தான் நடக்கும். அம்மாவை நோக்கி நடக்க அதற்குக் கால் கிடையாது.

சொம்பைக் கண்டதைப் பெரியப்பாவிடம் நான் சொன்ன அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் பேசினார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்துவதே இல்லை.

“திருடி வச்சாத்தான் பிடிக்கும்னு நீதானே சொன்னே. வெள்ளமும் அப்படித்தானோ?”

சித்தப்பாவின் கை இலையிலேயே நின்றது. சித்தி, பரிமாறிக்கொண்டிருந்தவள், முதலில் புரியாமல் விழித்தாள். பெரியப்பா என்னைப் பார்த்தார். முந்தானை, சொம்பு, கரண்டி, எல்லாவற்றையும் நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். மோர் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி பாத்திரத்தின் விளிம்பில் ஒருமுறை தட்டியது. அப்போது சித்தி திரும்பிப் பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று இன்று என்னால் சொல்ல இயலாது. நீண்ட நேரம் என்றே தோன்றுகிறது.

“ஆமா. நான்தான் எடுத்தேன்,” என்றாள் சித்தி.

சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். பெரியப்பா சாப்பிட்டு முடித்த பிறகே தீர்ப்புச் சொன்னார். செடிகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

“செடிக்குக் கெணத்து வெள்ளம் போறும். இவளே ஊத்தட்டும்.”

இவள் என்றது என்னை. மறுநாள் முதல் தினமும் காலையில் கிணற்றிலிருந்து ஒரு சிறு வாளி நீர் எடுத்து மாடிக்குப் போய்ப் பதினொரு செடிகளுக்கும் ஊற்றினேன். தாராளமாகவே ஊற்றினேன், கஞ்சத்தனம் செய்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது அல்லவா. முதல் நாள் சித்தி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்றோ திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் கைக்கு அருகில் குனிந்தாள்.

“மெல்ல ஊத்து குழந்தே. தண்டுல படாம.”

அவ்வளவுதான். இது ஒரு தந்திரம் என்றே அப்போதும் நினைத்தேன்.

பெரணி முதலில் போனது. நுனியெல்லாம் கருகி, நான்கே நாளில் தொட்டால் நொறுங்கியது. சேம்பின் சிவப்புப் புள்ளிகள் பழுப்பு நிறமாயின. தொண்டுத் துண்டுகளின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்தது. குரோட்டன்ஸ் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. ஒவ்வொரு காலையும் சித்தி உதிர்ந்தவற்றைப் பெருக்கி எடுத்து வைப்பாள். சித்திரை பிறந்து விஷுவுக்குக் கணி வைக்கும்போது ஜன்னல் கம்பியில் மணி பிளாண்டின் காய்ந்த தண்டு மட்டும் கயிறுபோலச் சுற்றியிருந்தது. சித்தி தன் மதியச் சொம்பை அப்போதும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். அதில் ஒரு கரண்டியாவது ஒரு செடிக்காவது அவள் விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. ஏன் விடவில்லை என்று நான் வியந்தேன். குற்ற உணர்ச்சியால் என்று விடையும் கண்டுகொண்டேன்.

எங்கள் தீர்ப்புக்கு மறுக்க முடியாத சான்று ஒன்றும் கிடைத்தது. செடிகளுக்குக் கிணற்று நீர் ஊற்றத் தொடங்கிய நாளிலிருந்து அண்டாவில் கணக்குக்கு மேல் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. பெரியப்பா கோலை எடுத்து எனக்குக் காட்டி, பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன். அவர் என் தோள்மேல் கை வைத்துப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.

வைகாசியில் சித்தப்பா பள்ளுருத்தியில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு தனியே போய்விட்டார். வேலைக்குப் போக அது வசதி என்று எல்லோரிடமும் சொன்னார்கள். பள்ளுருத்தி பேருந்தில் அரை மணி நேரம். அங்கே சித்தி மறுபடி செடி வைத்தாளா என்று நான் போய்ப் பார்த்ததில்லை.

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் நான் சில தோழிகளுடன் சேர்ந்து, குழாயடி வரிசையில் கடைசியில் நிற்பவர்களின் வீடுகளுக்குத் தனிக் குழாய் வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீட்டில் அதைப் பற்றிச் சற்று உரக்கவே பேசினேன். இந்த வீட்டில் யாருக்காவது அவர்களைப் பற்றி ஒரு நாளாவது கவலை இருந்ததுண்டா என்று கேட்டேன். பெரியப்பா அப்போது காலமாகியிருந்தார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

“அந்த வருஷம் அண்டாவுலேந்து எடுத்தது நானாக்கும்.”

பிறகு மெதுவாக மீதியும் வந்தது. அந்தக் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கொடுக்கக் கரிப்பு நீரைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஒரு மதியம் பின்வாசலில் வந்து, முதல் தடவையாகத் தமிழில் கேட்டிருக்கிறாள். அம்மா கொடுத்தாள். பிறகு கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணின் குடத்தைத் தொடாமல் உயரத்திலிருந்துதான் ஊற்றியதாகவும் அம்மா சொன்னாள். தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு இல்லை. குடிநீரைக் கொடுத்தது மட்டுமல்ல, யாருக்குக் கொடுத்தாள் என்பதும் தெரிந்தால் பெரியப்பா தீட்டு என்று அண்டாவையே மாற்றியிருப்பார். சித்தி மாடி ஜன்னலிலிருந்து ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறாள். இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. அன்று சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அம்மாவுக்குத் துணிவு வரவில்லை. அண்டாவைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். மறுநாள் மதியம் பின்வாசலுக்குத் தன் சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தது சித்தி. முன்பு செடிகளுக்குப் போன பாதி, அவள் வீட்டை விட்டுப் போகும்வரை அந்தக் குழந்தைக்குப் போனது.

நீ ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா முறத்தைத் தட்டினாள்.

“உன் சித்தியே சொல்லிடுவான்னு காத்துண்டிருந்தேன். அவ சொல்லலை. அப்பறம் நான் எப்பிடிச் சொல்றது?”

இது விடையாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கல்லில் காய்ந்த வட்டத்தைப் பார்த்தும் சொல்லாதவள் நான்.

அம்மா சொல்லக் கேட்டபோது, செடிகள் வாடிய அந்த ஆண்டின் மழைக்காலத் தொடக்கத்தில் நடந்த ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. சித்தி அப்போது வீட்டை விட்டுப் போய்ச் சில நாட்களே ஆகியிருந்தன. நான் பின்வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சந்தில் வந்தாள். குழந்தை அவள் இடுப்பில் தேறிய உடம்புடன் உட்கார்ந்து மழையைப் பிடிக்கக் கை நீட்டியது. அவள் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னிடம் தமிழில் பேசினாள்.

“மேல செடியெல்லாம் இருந்துச்சே, எங்க பாப்பா?”

“செத்துப் போச்சு. சித்தி குடிக்கற வெள்ளத்தைத் திருடி அதுக்கு ஊத்தினா. அதனால நாங்க கெணத்து வெள்ளம் ஊத்தினோம்.”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவங்க எடுக்கல பாப்பா. அது வந்து…” என்று தொடங்கியவள், எனக்குப் பின்னால் சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

“எடுத்தா. நாங்க கோல் வச்சு அளந்து பாத்தோம்,” என்றேன்.

அவள் மழையில் நனைந்துகொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றாள். சந்து பெருக்குகிறவளுக்கு எங்கள் வீட்டு அண்டாவைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனேன்.